வல்லு: பாழ் மன்றத்தில் கிடக்கும் ஒரு சொல்

‘வல்லு’ என்ற சொல் இன்று ஏறக்குறைய ஒரு புணர்ச்சி விதியாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரம், புள்ளிமயங்கியல். ‘வல்’ என்பதன் பின்னால் ‘நாய்’, ‘பலகை’ என்ற சொற்கள் வந்தால், இடையில் தோன்றும் உகரம் கெட்டு அகரம் நிற்பதும் உண்டு என்கிறது நூற்பா. வல்லுநாய், வல்லநாய், வல்லுப்பலகை, வல்லப்பலகை. எம்.ஏ. தமிழ் படித்த நாங்கள் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினோம். நாய்க்கும் பலகைக்கும் என்ன உறவு என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை.

இது குரைக்கிற நாய் அல்ல, ஆட்டக்காய். காயை நாய் என்பது நமக்கு மட்டுமே உரிய வழக்கமும் அல்ல. பழைய கிரேக்கர்களும் தங்கள் பலகையாட்டம் ஒன்றின் காய்களை நாய் என்றே அழைத்தார்கள். இந்த ஒற்றுமையை வைத்து யாரிடமிருந்து யார் கடன் வாங்கினார்கள் என்று கதை கட்டுவது என் வேலை இல்லை. வல்லு எந்த இடத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

புறநானூறு 52இல், நரைத்த கிழவர்கள் காய்களை வைத்து வைத்தே குழி விழுந்துபோன ஆட்டக்களம் வருகிறது. ஆனால் கிழவர்கள் அங்கே இல்லை. தூணிலிருந்த தெய்வம் போய்விட்டது, பலியும் நின்றுபோச்சு. அந்தக் குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. பாண்டியன் மாறன் வழுதியின் பகைவர் நாடு இப்படி அழிகிறது என்பது மருதன் இளநாகனார் பாடும் புகழ். அகநானூறு 377இலும் இதே பாழ்தான். மறவர் கொள்ளையில் குடிகள் ஓடிப்போன மன்றம். தலை நடுங்கும் முதியவர்கள் குனிந்து ஆடிய வல்லு அழகழிய, கறையான் அரிக்கிறது.

இரண்டு பாடல்களிலும் ஆட்டம் நடக்கவில்லை. நின்றுபோன பிறகுதான் அது பாட்டுக்குள் வருகிறது. வேலை முடித்து ஓய்ந்த கிழவர்கள் பொது இடத்தில் கூடி உட்கார்ந்திருந்தது, அந்த இடம் பறிபோனதற்குச் சாட்சியாக மட்டும் பதிவாகிறது. புறப்பாட்டில் அது அரசனின் வீரத்துக்கும் ஒரு கணக்கு. இதை இயற்கை வருணனை என்று ரசித்துவிட்டுப் போவது சுலபம். போர் முதலில் எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதற்கான ஆவணமாகவும் இதை வாசிக்கலாம்.

இரண்டாவது அழிவை உரை செய்கிறது. வல்லு என்றால் ‘சூதாடு கருவி’, நாய் என்றாலும் ‘சூதாடு கருவி’. முடிந்துபோச்சு. மேலே சொன்ன இரண்டு பாடல்களிலும் பந்தயம் இல்லை, தோற்றவனும் இல்லை. இருந்தும் கிழவர்களின் பொழுதுபோக்கு, குறள் ஓர் அதிகாரம் முழுக்கக் கண்டித்த சூதுக்குள் போய் விழுந்துவிடுகிறது. வல்லுவைப் பணம் வைத்து யாருமே ஆடவில்லை என்று நான் சொல்லவில்லை. கூடி ஆடுவதற்கும் வைத்து இழப்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தை ஒற்றைச் சொல்லால் அழித்தது ஒழுக்கச் சொல்லாடல் என்கிறேன்.

இதே குறளில் ‘கழகம்’ என்றால் சூதாடும் இடம். அந்தச் சொல் பின்னால் கற்றவர் அவையாயிற்று. 1944இல் திராவிடர் கழகம் ஆயிற்று. இடத்தின் பெயர் கறை கழுவிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. மன்றத்து ஆட்டத்தின் பெயர் இலக்கணத்தில் ஒதுங்கிக்கொண்டது.

நம் கோயில் மண்டபத் தளங்களில் ஆடுபுலி ஆட்டக் கோடுகளும் பல்லாங்குழிகளும் இன்றும் தேடினால் கிடைக்கும். பக்கத்துச் சுவரிலிருக்கிற மெய்க்கீர்த்தியைப் படியெடுக்கிறோம். தரையிலிருக்கிற கோட்டை மிதித்துக்கொண்டு நின்றுதான் எடுக்கிறோம். திருப்பணி என்று பழைய தளக்கல்லைப் பெயர்த்து வழவழப்பான புதுக் கல் பதிக்கிறபோது அந்தக் கோடுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. அவற்றுக்குப் புணர்ச்சி விதிகூட மிஞ்சாது. பெயர்ப்பதற்கு முன்னால் அளந்து, வரைந்து வைத்துக்கொள்ள ஒரு தாளும் பென்சிலும் போதும்.