பழைய காரில் கியர் தாமதம்

ஓட்டுநர் கியரை மாற்ற முனையும் கணத்துக்கும், அந்தக் கியர் சக்கரங்களுக்கு விசை கொடுக்கத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே வழக்கத்தைவிட நீளமாக விழும் இடைவெளியே கியர் தாமதம். கையால் கியர் போடும் வண்டியில் கோல் உள்ளே போக முரண்டு பிடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜின் மட்டும் இரையும். வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு, பிறகு உதறிக்கொண்டு கிளம்பும். பட்டறைக்கு வரும்போது எல்லாம் "கியர் விழமாட்டேங்குது" என்ற ஒரே புகார்தான். குறை கிளட்சிலா, கோலிலிருந்து பெட்டிக்குப் போகும் தண்டுகளிலா, எண்ணெயிலா, பெட்டிக்குள்ளேயா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை இறக்குவது கடைசிப் படி. அதை முதல் படியாக்கிப் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர்.

குறை எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். இதுபோன்ற ஊரில் கார் இரண்டு விதமான ஓட்டத்தைப் பார்க்கிறது. கடைத்தெருவில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக, கால் பாதி மிதியிலேயே இருக்க ஊர்ந்து போகும். ஊரைத் தாண்டினால் வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று நீண்ட சாலை. ஊர்ந்து போகும் பகுதிதான் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் தின்கிறது.

கிளட்சின் வேலையைத் தறி தெரிந்தவருக்கு விளக்குவது எளிது. மிதியை அழுத்தியதும் பாவு இழைகள் மேலும் கீழுமாக முழுதாகப் பிரிய வேண்டும். பிரியுமுன் நாடாவை விட்டால் இழை அறும். காரிலும் மிதியை அழுத்தியதும் இன்ஜினும் கியர் பெட்டியும் முழுதாகப் பிரிய வேண்டும். பிரியுமுன் கோலைத் தள்ளினால் பற்கள் கரகரக்கும், அல்லது கோல் பாதியில் நிற்கும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். நிற்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் கியர், இன்ஜின் ஓடும்போது மட்டும் மறுத்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை. அணைத்த பிறகும் கடினமாகவே இருந்தால் தண்டுகளையும் பெட்டியையும் சந்தேகிக்கலாம். இன்னொரு சோதனை ரிவர்ஸ். வண்டியை நிறுத்தி, இன்ஜின் மெதுவாக ஓட, கிளட்சை அடிவரை மிதித்து மூன்று நான்கு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட வேண்டும். சிங்க்ரோ (பற்கள் சேருமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இல்லாத ரிவர்ஸ் அப்போதும் கரகரவென்று கத்தினால், உள்ளே தண்டு இன்னும் சுழல்கிறது என்று பொருள்.

கிளட்ச் விடாததற்குக் காரணம் வண்டிக்கு வண்டி மாறும். 1983இல் வந்த மாருதி 800இல் கிளட்ச் கேபிள் நீண்டிருக்கலாம், இழை பிரிந்திருக்கலாம். அம்பாசடரில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்தாலோ குழாயில் காற்று புகுந்தாலோ மிதி கீழே போகும், பிளேட் விலகாது. மிதியைப் பலமுறை அடித்த பிறகு கியர் விழுந்தால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். வாஷர் மாற்றி ஏர் எடுப்பது சின்ன வேலை.

பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் கோல் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து நீண்ட தண்டுகளையும் மூட்டுகளையும் கடந்தே அசைவு பெட்டியை எட்டுகிறது. ஒவ்வொரு புஷ்ஷும் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், கை நகர்ந்தும் கியர் நகராத வெற்றிடம் வந்துவிடும். ஒருவர் கோலை அசைக்க, இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

காலையில் மட்டும் கடினம், ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் சரி என்றால் எண்ணெய் கெட்டியாக இருக்கலாம், அல்லது தவறான ரகம். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவது பரவலான தவறு. அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் காலப்போக்கில் அரிக்கலாம். வளையம் கவ்வ வேண்டிய இடத்தில் வழுக்கவும் கூடும். ஒரே ஒரு கியர் மட்டும், குறிப்பாக இரண்டாவது, மாற்றும்போது கத்தினால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. பெட்டியை இறக்குவது அப்போது நியாயம்.

ஆட்டோமேட்டிக் பெட்டியில் முதல் சாட்சி எண்ணெய். அளவு குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் உள்ளேயுள்ள கிளட்ச் தட்டுகள் தாமதமாகக் கவ்வும். புதிதில் சிவப்பாக இருந்தது பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கலாம். அளவு பார்க்கும் முறைகூட ஒன்றல்ல: பல வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது, ஹோண்டாவில் அணைத்தவுடன். அடுத்தது நேரச் சோதனை. எண்ணெய் சூடாக இருக்க, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளி, வண்டி லேசாக உதறும் வரை நொடி எண்ண வேண்டும். டொயோட்டாவின் பல பெட்டிகளுக்கு டிரைவுக்கு 1.2 நொடி, ரிவர்ஸுக்கு 1.5 நொடிக்குள் என்பது வரம்பு. இரண்டுமே தாமதித்தால் அழுத்தம் குறைவு. டிரைவ் மட்டும் தாமதித்தால் குறை முன்செல்லும் கிளட்சில். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் தாமதித்தால் டார்க் கன்வர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்திருக்கலாம், அல்லது ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம்.

2014இல் மாருதி செலெரியோவோடு பரவிய ஏஎம்டி வேறு ஜாதி. சாதாரண கியர் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் மோட்டாரும் எண்ணெய் அழுத்தமும் செய்யும் வேலை. சிறு தயக்கம் அதன் பிறவிக் குணம். அது கூடிக்கொண்டே போனால் முதலில் பேட்டரி மின்னழுத்தம், ஆக்சுவேட்டர் எண்ணெய், கிளட்ச் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்ச் மாற்றியபின் ஸ்கேனர் வழியே அதன் கவ்வும் புள்ளியைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்காவிட்டால் புதுப் பிளேட்டும் உதறும்.

பழைய நான்கு கியர் அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் அது கத்தத்தான் செய்யும். நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். இதைப் பழுதென்று எண்ணிப் பெட்டியைத் திறந்தால், மாற்றுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது.