பொம்பா: சிலி நாட்டுத் தீயணைப்புத் தொண்டர்களின் வரலாறு

செந்நிற வண்டி ஊதொலி எழுப்பிக்கொண்டு தெருவில் விரையும்போது, "பொம்பா வருது, ஓரமா நில்லு" என்று தாய்மார் பிள்ளைகளைக் கைபிடித்து இழுப்பதை இந்நாட்டில் கேளாதவர் இரார். வகுப்பறையில் அதே பிள்ளை 'பொம்பா' என்று எழுதினால் நாம் சிவப்பு மையால் அடித்துவிட்டுத் 'தீயணைப்பு வண்டி' என்று திருத்துகிறோம். திருத்துவது முறையே. ஆனால் அடிபட்ட அந்தச் சொல்லுக்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு. மலாய் மொழிக்கு அது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. நீரை உறிஞ்சி இறைக்கும் பொறிக்கு அவர்கள் மொழியில் 'பொம்பா' என்று பெயர். ஸ்பானிய மொழியிலும் அதுவே சொல். ஆகவே பசிபிக் பெருங்கடலின் அக்கரையில், தென்னமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் நாடாவைப்போல் நீண்டு கிடக்கும் சிலி நாட்டில், தீயணைக்கும் வீரனைப் 'பொம்பேரோ' என்று அழைக்கிறார்கள். நம் ஊர்ப் பொம்பாவும் அவர்கள் ஊர்ப் பொம்பாவும் ஒரே வேரிற் கிளைத்தவை.

சொல் ஒன்றாயினும் வரலாறு வேறு. 1881-ஆம் ஆண்டில் அத்தாப்புக் கூரைகள் நிறைந்த கோலாலம்பூரைத் தீ விழுங்கியது. 1883-இல் சிலாங்கூரில் ஒரு தொண்டர் தீயணைப்புப் படை அமைந்தது. அன்று கோலாலம்பூரும் ஒரு சிறு ஊர்தான். ஊர் நகரமாக வளர வளர அப்படையும் சம்பளம் பெறும் அரசாங்கத் துறையாக மாறியது. சிற்றூர்களில் தொண்டர் படைகள் இன்றும் அதற்குத் துணை நிற்கின்றன. உலகின் பெரும்பாலான நாடுகளில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. சிலியில் அந்த மாற்றம் நிகழவேயில்லை. தலைநகராகிய சாந்தியாகோவிலும் சரி, தென்கோடி மீனவர் ஊரிலும் சரி, தீயை எதிர்த்து நிற்பவர்கள் இன்றளவும் ஊதியம் வாங்காத தொண்டர்களே. வாங்காதது மட்டுமன்று, தாம் சேர்ந்த படைக்கு மாதந்தோறும் சந்தாவும் செலுத்துகிறார்கள். உயிரைப் பணயம் வைப்பதற்குக் காசும் கொடுப்பவர்களைப் பற்றி முதன்முதல் கேட்பவருக்கு இது வேடிக்கையாகவே தோன்றும். அந்த வேடிக்கைக்குப் பின்னால் குடியேறி வந்த மக்களின் கதை ஒன்று இருக்கிறது.

வால்பரைசோ என்னும் துறைமுகத்தில் அக்கதை தொடங்குகிறது. 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், கிழக்குக் கரையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கடலுக்கு வந்தன. பனாமாக் கால்வாய் 1914-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அவ்வழியே வந்த கப்பல்களுக்கு உணவும் நீரும் தந்த பெருந்துறை வால்பரைசோ. ஆங்கிலேயர், அமெரிக்கர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் எனப் பல நாட்டு வணிகர் அங்கே கடை விரித்தனர். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம், அதில் நெருக்கியடித்த கட்டடங்கள், கிடங்குகளில் துணியும் எண்ணெயும் சாராயமும், போதாக்குறைக்குக் கடற்காற்று. 1850 டிசம்பர் 15-ஆம் நாள் மூண்ட தீ வணிகத் தெருவைச் சாம்பலாக்கியது.

அடுத்த ஆண்டு ஜூன் 30-இல் அந்நகரின் தொண்டர் தீயணைப்புப் படை நிறுவப்பட்டது. சிலியில் இத்தகைய படை எழுந்தது இதுவே முதல் முறை. இதை வெறும் அருட்செயல் என்று சொல்லிவிட முடியாது. எரிந்தவை வணிகர்களின் சரக்குகள். எரியக் காத்திருந்தவையும் அவையே. தன்னலத்திலிருந்து பிறந்த பொதுத்தொண்டு என்று சொல்வதே நேர்மை. ஆயினும் அது அமைந்த விதத்தில்தான் புதுமை இருந்தது. ஒரே படையாகத் திரளாமல், ஒவ்வோர் இனத்தாரும் தமக்கென ஒரு பிரிவை அமைத்துக்கொண்டனர். ஆங்கிலம் பேசுவோர் ஒரு பிரிவு, ஜெர்மானியர் ஒரு பிரிவு, சிலி நாட்டவர் ஒரு பிரிவு. பின்னர் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் தத்தம் பிரிவுகளோடு வந்து சேர்ந்தனர். ஜெர்மானியர் தம் பிரிவுக்குக் 'கெர்மானியா' என்றும், இத்தாலியர் 'கிறிஸ்தோபர் கொலம்பஸ்' என்றும் பெயர் வைத்தனர். பிரெஞ்சுப் பிரிவில் கட்டளைகளும் பிரெஞ்சு மொழியிலேயே ஒலித்தன. ஒரு வீடு எரியும்போது ஐந்து மொழிகளில் கூச்சல் எழுந்திருக்கும்! ஆனாலும் குழாயிலிருந்து பாய்ந்த நீர் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது.

அக்காலப் பொம்பாவின் அமைப்பை அறிந்தால்தான் அப்படைகளின் உள்நிலை விளங்கும். நடுவே ஒரு தொட்டியும் உருளைகளும். இரு பக்கமும் நீண்ட கைப்பிடிக் கட்டைகள். ஒரு பக்கத்தார் அழுத்தும்போது மறுபக்கத்தார் உயர்த்த வேண்டும், நம் ஊர் ஏற்றத்தில் ஏறி இறங்குவதுபோல. சில நிமிடங்களில் தோள்கள் சோர்ந்துவிடும். உடனே வேறு ஆட்கள் மாற வேண்டும். ஆகவே ஒரு பொறிக்குப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. வணிகரும் அவர்தம் எழுத்தர்களும் மட்டும் அதற்குப் போதவில்லை. எனவே தொழிலாளர்களைத் 'துணையாளர்' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டனர். கட்டையைப் பிடித்து இறைத்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. கூட்டத்தில் பேசவும் பதவி வகிக்கவும் உரிமை பெற்றவர்கள் மற்றவர்கள். இந்த வேற்றுமை நெடுங்காலம் நீடித்துப் பின்னரே ஒழிந்தது. சிலித் தொண்டர் படைகளைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இந்தத் துணையாளரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தீயில் வெந்தவர்களுள் அவர்களும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

தலைநகர் சாந்தியாகோ விழித்துக்கொண்டது ஒரு பெருந்துயருக்குப் பின்னர். 1863 டிசம்பர் 8-ஆம் நாள் மாலை. மரியன்னையின் திருநாள். இயேசு சபையாரின் பழைய கோயிலில் பெண்கள் திரளாகக் கூடியிருந்தனர். எங்கும் விளக்குகள், தோரணங்கள். பீடத்தருகே ஒரு விளக்கிலிருந்து தீ பற்றி மரக்கூரைக்கு ஏறியது. அக்கால வழக்கப்படி வளையம் வைத்துத் தைத்த அகன்ற பாவாடைகளை உடுத்தியிருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாயிலை அடைத்துக்கொண்டனர். ஒரே மாலையில் 2,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் பெண்கள். அந்நகரில் அழுகுரல் கேளாத வீடு அரிதாயிற்று. கோயிலை அங்கே மீண்டும் கட்டவில்லை. அதன் மணிகள் பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்கு விற்கப்பட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 2010-இல் சில மணிகள் திரும்பி வந்தன.

தீ அவிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 11-இல், ஹோசே லூயிஸ் கிளாரோ என்னும் இளைஞர் செய்தித்தாளில் ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டார். தீயணைப்புப் படை அமைக்க விரும்பும் இளைஞர்கள் 14-ஆம் நாள் பகல் ஒரு மணிக்கு இன்ன இடத்தில் கூடுக என்பதே அதன் சாரம். ஒப்பாரியோ கண்டனமோ அதில் இல்லை. அவர் அழைத்தபடியே இளைஞர் கூடினர். 20-ஆம் நாள் படை நிறுவப்பட்டது. இங்கும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் ஜெர்மானியரும் காலப்போக்கில் தத்தம் பிரிவுகளை அமைத்தனர்.

ஏழாண்டுகள் கழிந்தன. அதே டிசம்பர் 8-ஆம் நாள், 1870-இல், சாந்தியாகோவின் நகர நாடக அரங்கு தீப்பற்றியது. எர்மான் தெண்டெரினி என்பவர் உள்ளே சென்றவர் திரும்பவில்லை. இத்தாலியின் சலவைக்கல் ஊராகிய கர்ராராவில் பிறந்து, சிற்பத் தொழிலோடு சிலிக்கு வந்தவர் அவர். அப்படையின் முதல் தியாகி என்று அவரைப் போற்றுகின்றனர். அரங்கை ஒட்டிய தெருவுக்கு அவர் பெயரே வழங்குகிறது. வந்த நாட்டில் ஒரு தெருவுக்குப் பெயராவதற்குப் பிறர் நிலமும் பணமும் அரசியலும் தேடுவர். இச்சிற்பி தேடியது வேறு.

இனிச் சிற்றூர்களுக்கு வருவோம். படைகளின் முழு வடிவத்தையும் அங்கேதான் காண முடியும். சிலியின் தென்பகுதியில் 1850-ஐ ஒட்டி ஜெர்மானியர் பலர் குடியேறினர். வால்திவியா, ஓசோர்னோ முதலிய ஊர்களில் மழை ஓயாது, காடு அருகில், ஆகவே சுவரும் மரம், கூரையும் மரச்சில்லு, குளிருக்கு எரிப்பதும் விறகு. மழை மிகுந்த ஊரில் தீக்கு அஞ்சுவானேன் என்று நாம் நினைப்போம். ஆனால் வீட்டுக்குள்ளே அடுப்பு நாள் முழுதும் எரியும் இடத்தில் வெளியே பெய்யும் மழை என்ன செய்யும்? அங்கேயும் 'கெர்மானியா' எழுந்தது. வடக்கே பாலைநிலத் துறைமுகமாகிய இக்கீக்கேயில் வெடியுப்பு வணிகத்துக்கு வந்த குரோவேசியர் தம் தாயகக் கடற்கரையின் பெயரால் 'தல்மாசியா' என்னும் பிரிவை நடத்தினர். அந்த ஊரில் மழையென்பதே அரிது.

சிற்றூர்ப் படைவீடு பொறியை நிறுத்தும் கொட்டகை மட்டும் அன்று. மேல்தளத்தில் ஒரு கூடம் இருக்கும். அங்கேதான் விருந்து, ஆண்டு விழா, நிதிக்கான நடனம், பரிசுச்சீட்டுக் குலுக்கல். சுவரில் மறைந்தோர் படங்கள். புதியவரைச் சேர்ப்பதும், ஆண்டுதோறும் தலைவரைத் தெரிந்தெடுப்பதும் வாக்கெடுப்பால். கட்டளையை மீறியவரை விசாரிக்கப் படைக்குள்ளேயே ஒரு மன்றமும் உண்டு. வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர் பலர் இரவுக் காவலராகப் படைவீட்டிலேயே படுத்துறங்குவர். ஊதொலி கேட்டால் எழுந்தோட வேண்டும் என்பதே அவர்கள் தரும் வாடகை. பல ஊர்களில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் படைவீட்டு ஊதொலி ஒருமுறை ஒலிக்கும். அதைக் கேட்டுக் கடைக்காரர் கடிகாரத்தைச் சரிபார்ப்பார், வீட்டில் உலைப்பானையை இறக்குவார்கள். வேறு வேளையில் அது ஒலித்தால் ரொட்டி சுடுபவரும் பள்ளி ஆசிரியரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவர். வண்டி ஓட்டுபவர் ஒருவருக்கு மட்டும் சம்பளம் கொடுத்துப் படைவீட்டில் வைத்திருப்பதுண்டு. பெண்கள் நெடுங்காலம் விருந்து சமைப்பதோடும் நிதி திரட்டுவதோடும் நிறுத்தப்பட்டனர்; இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அவர்களுக்குத் தலைக்கவசம் பரவலாகக் கிடைத்தது.

இன அடிப்படையில் பிரிந்து நின்றது ஒற்றுமைக்குக் கேடன்றோ என்று கேட்கலாம். ஒருவரையொருவர் முந்தும் போட்டியும் பூசலும் இருக்கவே செய்தன. ஆனால் அப்பிரிவுகள் தம் இனத்தார் வீட்டை மட்டும் காத்து நின்றவை அல்ல என்பதை நோக்க வேண்டும். ஜெர்மானியர் சங்கத்தில் ஜெர்மானியருக்கு மட்டும் பயன். ஜெர்மானியர் பொம்பாவால் ஊருக்கெல்லாம் பயன். தாய்மொழியில் கட்டளையிட்டுக்கொண்டே அயலான் வீட்டைக் காத்தவனை அன்னியன் என்று ஊர் எவ்வளவு காலம் சொல்லும்? மூன்றாம் தலைமுறையில் கட்டளை மொழி பெரும்பாலும் ஸ்பானியம் ஆயிற்று. வாயிலில் 'கெர்மானியா' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. பிரிவுக்குள் வேற்றினத்துப் பிள்ளைகளும் சேர்ந்தனர். பின்னர் வந்தவர்களும் அவ்வழியே சென்றனர்: 1954-இல் சாந்தியாகோவை அடுத்த பகுதியில் யூதர்கள் 'இஸ்ரேல்' என்ற பிரிவையும், 1959-இல் பிரித்தானியர் தலைநகரில் பதினான்காம் பிரிவையும் அமைத்தனர். குடியேறிய நாட்டில் கோயிலும் பள்ளியும் சங்கமும் கட்டிய நாம் இவ்வரலாற்றைச் சற்று நின்று படிப்பதில் தவறில்லை.

தமிழில் 'அணைத்தல்' என்னும் சொல் தீயை அவிப்பதையும் குறிக்கும், தழுவிக்கொள்வதையும் குறிக்கும். இதை நான் விளையாட்டாகச் சொல்லிக் காட்டியபோது மாணவர் ஒருவர், "அப்படியானால் அங்கே யாரும் சாவதில்லையா, ஐயா?" என்று கேட்டுவிட்டார்.

சாகிறார்கள். 1953-ஆம் ஆண்டு பிறந்த இரவு, ஜனவரி முதல் நாள் விடியுமுன்னர், வால்பரைசோவில் ஒரு மரக்கிடங்கு எரிந்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்திலிருந்து நேரே ஓடிவந்தவர்கள் தீயைச் சூழ்ந்து நின்றனர். அடுத்த வளவில் அரசின் சாலைத்துறை வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தது. அது வெடித்தது. 36 தொண்டர்கள் மாண்டனர். வேடிக்கை பார்க்க வந்தவரையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐம்பது உயிர்கள். இத்தகையோரின் இறுதி ஊர்வலம் இரவில், தீப்பந்தங்களின் ஒளியில் செல்வது அவர்கள் மரபு. பட்டியல் வாசிக்கும்போது தியாகியின் பெயரையும் விடாமல் அழைப்பார்கள். அவருக்காக மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவர்களை என்றும் விட்டதில்லை. வண்டிகளுக்கு அரசு மானியம் தருகிறது. எஞ்சியதற்குச் சந்தாவும், தெருவில் உண்டியல் குலுக்கலும், பரிசுச்சீட்டும். 2012-இல் இயற்றப்பட்ட சட்டம் இப்படைகளைப் பொதுநலப் பணி செய்யும் தனி அமைப்புகள் என்று ஏற்றது. ஆனால் தொண்டர்களைச் சம்பளக்காரர் ஆக்கவில்லை. அவர்களுள் பலர் அதை விரும்பவும் இல்லை. சம்பளம் வந்தால் படைவீட்டுக் கூடம் அலுவலகம் ஆகிவிடும் என்பது அவர்கள் அச்சம். மறுதரப்பாரோ, புதிய வகை ஆலைகளும் காட்டுத்தீயும் பெருகிய இக்காலத்தில் மாலைநேரப் பயிற்சி போதுமா என்று கேட்கின்றனர்.

2024 பிப்ரவரியில் வால்பரைசோ வட்டாரக் குன்றுகளில் பரவிய தீயில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொண்டர்கள் நாடெங்குமிருந்து அங்கு விரைந்தனர். சில மாதங்களில் அத்தீயை மூட்டியதாகக் குற்றஞ்சாட்டிக் காவல்துறை பிடித்தவர்களுள் ஒருவர் அவ்வூர்த் தீயணைப்புத் தொண்டர். நூற்றெழுபது ஆண்டு நற்பெயர் ஒரே காலையில் நாட்டு மக்களின் வாயில் அடிபட்டது. அன்று மாலையும் பயிற்சிக்கு வந்த இளைஞர்களைத் தெருவோர் எப்படிப் பார்த்தனரோ!