காரணம் அறியா நோயும் குடியேற்றக் கமமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களின் நடுப்பகுதி தொடக்கம் வைத்தியர்களின் கவனத்திற்கு வந்த நாட்பட்ட சிறுநீரக நோய், மருத்துவ ஏடுகளிற் ‘காரணம் அறியப்படாத’ என்னும் அடைமொழியுடனேயே இன்றும் குறிக்கப்படுகின்றது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத நெற்கமக்காரர், உழைக்கும் வயதிலேயே, சிறுநீரகம் செயலிழந்த நிலையில் வைத்தியசாலைகளுக்கு வரலாயினர். மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருக்கோட்டை ஆகிய ஊர்களின் பெயர்கள் இந்நோயுடன் இணைந்தன. இவற்றுட் பதவியாவும் கிராந்துருக்கோட்டையும் குடியேற்றத் திட்டங்களால் உருவானவை என்பது மனங்கொள்ளத்தக்கது. நோயின் வரலாற்றை ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி, நிலத்தின் வரலாற்றிலும் தேடவேண்டியுள்ளது.

வரண்ட வலயக் குடியேற்றத்திற்கு நெடுங்காலம் தடையாயிருந்தது மலேரியா. 1934–35 இல் நிகழ்ந்த கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பின்னரே குடியேற்றம் பெருமளவிற் சாத்தியமாயிற்று. 1950களிற் பதவியாக் குளம் திருத்தப்பட்டு மக்கள் குடியமர்த்தப்பட்டனர். 1977 இன் பின் துரித மகாவலித் திட்டம் வந்தது. நுளம்பு என்னும் ஓர் எதிரி, டி.டி.ரி. என்னும் ஓர் ஆயுதம், அரசு நடத்தும் ஓர் இயக்கம் என்ற மனப்பதிவு நிருவாகத்தில் ஆழ வேரூன்றியது. 1963 இல் 17 ஆகக் குறைந்த நோயாளர் தொகை அத்தசாப்தத்தின் இறுதியில் மீண்டும் இலட்சக்கணக்கிற் பெருகிய பின்னரும் அப்பதிவு அழியவில்லை. சிறுநீரக நோய் வந்தபோது தேடப்பட்டதும் ஓர் எதிரியே.

அவ்வெதிரிக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டன: கட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டு, அலுமினியப் பாத்திரம், வன்னீர், ஈற்றிற் களைகொல்லி. 2014 இல் வெளியான ஒரு கட்டுரை, வன்னீரும் கிளைபோசேற்றும் இணைந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்னும் கருதுகோளை முன்வைத்தது. கருதுகோள் என்ற சொல் அரசியல் மேடையில் உதிர்ந்துபோயிற்று. 2015 இற் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2022 இல் தடை நீக்கப்பட்டது. இடையே 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளிற் போலத் தடுக்கப்பட்டபோது, கூறப்பட்ட நியாயங்களுள் இந்நோயும் ஒன்று. அத்தடை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கைவிடப்பட்டது. விளைச்சல் இழப்போ கமக்காரனைச் சேர்ந்தது. இவ்வாறு கூறுவது இரசாயனக் கம்பனிகளுக்குச் சார்பான வாதமன்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீரும் வன்னீரே; அங்குத் தோட்டச் செய்கையில் மருந்தும் பசளையும் தாராளமாகவே பயன்பட்டு வந்துள்ளன. ஆயினும் வடமத்திய மாகாணத்தின் அளவில் இந்நோய் அங்குத் தோன்றவில்லை. வன்னீர் என ஒரே சொல்லாற் கூறினும், இரு பிரதேசங்களின் பாறையும் நீரிற் கரைந்துள்ள உப்புகளும் வேறு வேறானவை. தனியொரு பொருளைக் குற்றவாளியாக்கும் எந்த விளக்கமும் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

நோயை எவ்வாறு அளந்தோம் என்பது இதனினும் அடிப்படையான வினா. உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வு, சிறுநீரில் அல்புமின் தொடர்ந்து வெளியேறுவதையே நோயின் அடையாளமாகக் கொண்டது. அதன்படி வயதுக்கேற்பச் சீராக்கிய நோய்வீதம் ஆண்களில் 12.9 சதவீதம், பெண்களில் 16.9 சதவீதம். ஆனால் முற்றிய நிலையினர் ஆண்களிடையே மிகுதி என்பதையும் அதே ஆய்வு கூறுகின்றது. இந்நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றிடையேயுள்ள இழையத்தையும் முதலிற் பாதிப்பது. தொடக்க நிலையில் அல்புமின் மிகக் குறைவாகவே வெளியேறும். எனவே அல்புமினை மட்டும் நோக்கும் அளவுகோல், நோயாளர் சிலரைத் தவறவிட்டு, வேறு காரணத்தால் அல்புமின் வெளியேறுவோர் சிலரை உள்ளே சேர்த்துவிடும். குருதியிற் கிரியற்றினீனை அளந்து, அதே மக்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வுக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பொறுமையும் தொடர்ச்சியான நிதியும் வேண்டும். ஆனால், பத்திரிகையிற் செய்தியாவது நஞ்சின் பெயரேயன்றிப் பதிவேடன்று.

பிற நாடுகளின் அனுபவம் இரண்டினை ஈண்டு நோக்கலாம். தன்யூப் ஆற்றின் கிளைகளை அண்டிய கிராமங்களிற் காணப்பட்ட போல்கன் சிறுநீரக நோய் 1956 இற் பல்கேரியாவில் விவரிக்கப்பட்டது. கோதுமை வயலில் முளைக்கும், நமது ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த ஒரு களையின் விதை மாவிற் கலப்பதே காரணமாகலாம் என 1969 இலேயே சுட்டப்பட்டது. உலோகங்களையும் பூஞ்சண நஞ்சையும் ஆராய்ந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1993 இற் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உண்ட பெண்களுக்கு இதனையொத்த சிறுநீரகப் பாதிப்பு நேர்ந்த பின்னரே அக்கருத்து உயிர்பெற்றது. வலுவான சான்று 2007 இல் வந்தது. மத்திய அமெரிக்காவின் கதை வேறு. எல் சல்வடோரில் 2002 இல் அறிவிக்கப்பட்ட நோய் கரும்பு வெட்டும் கூலியாளரிடையே மிகுந்திருந்தது. கடும் வெயிலில் இடையறாத உழைப்பும் உடல் நீர் இழப்பும் அங்கு முதன்மையான ஐயமாயின. காரணம் முற்றாக நிறுவப்படும்வரை காத்திராமல் நீர், ஓய்வு, நிழல் ஆகியவற்றை வேலைத்தலத்தில் வழங்கும் முயற்சிகள் தொடங்கின. நமது ஆய்வுகளில் நீரிற் கலந்தது என்ன என்று கேட்கப்பட்ட அளவுக்கு, அந்நீரைக் குடிப்பவன் எத்தனை மணி நேரம் எவ்வெயிலில் உழைத்தான் என்று நெடுங்காலம் கேட்கப்படவில்லை. உழைப்பு நமது ஆய்வாளர்க்கு ஏனோ ஓர் இரசாயனப் பொருளாகத் தோன்றவில்லை.

பராமரிப்பிலும் முன்னுரிமை எங்கே என்ற வினா எழுகின்றது. 2021 இற் சீன நன்கொடையுடன் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கெனச் சிறப்பு வைத்தியசாலை திறக்கப்பட்டது. கிராமங்களில் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. இவை பயனுடையனவே. அரசாங்க வைத்தியசாலையிற் குருதி சுத்திகரிப்புக்குக் கட்டணமில்லை. ஆயினும், வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்துடன் பிணைக்கப்படுபவனுக்குப் பஸ் கட்டணமும், துணைக்குச் செல்லும் மனைவியின் நாட்கூலியும், விதைப்புக் காலத்து வயலும் இலவசமாகக் கிடைப்பதில்லை. நோயை முற்றவிடாது காப்பது கிராமிய மருந்தகத்தின் பணி: குருதிப் பரிசோதனை, அமுக்கக் கட்டுப்பாடு, வலிநிவாரணி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்காதிருக்க அறிவுரை. இவற்றுக்குத் திறப்பு விழா இல்லை.

நோயின் வரைபடமும் ஒரு வரலாற்று ஆவணமே. 2013 இன் ஆய்வு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடைபெற்றது. அதே வரண்ட வலயத்தின் தொடர்ச்சியான வவுனியாவில் நோய் பற்றிய கணக்கெடுப்புகள், 2009 இற் போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரே நிகழ்ந்தன. நோயாளர் அங்கும் காணப்பட்டனர். மதவாச்சியிலிருந்து வவுனியா ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உள்ளது.