போத்தலுக்குள் ஒரு நத்தை



சென்ற நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, அன்பளிப்பா வந்த மின்கேத்தல் வெடிச்சு என்ர கை வெந்துபோச்சு. பற்றுச்சீட்டும் இல்லை. ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

கணக்காளனான நானே பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் ஒன்றும் செய்யமுடியாது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.

1928 ஆகஸ்ட் 26. ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தேநீர்க்கடையில் மே டொனகூ என்ற ஏழைப் பெண் ஜிஞ்சர் பியர் குடித்தார். காசு கொடுத்தது கூட வந்தவர். கறுத்தப் போத்தலின் மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்ததாகவும், தான் நோயுற்றதாகவும் வழக்குப் போட்டார். அவர் வாங்கவில்லை, ஆகவே ஒப்பந்தமும் இல்லை. அன்றைய சட்டத்தில் அது பெரிய தடை. தான் மிகவும் ஏழை என்று சத்தியம் செய்தே அவர் லண்டன் பிரபுக்கள் சபைவரை போனார். 1932 மே 26இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் வென்றார். உன் செயலால் பாதிக்கப்படக்கூடியவன் உன் அயலவன் என்றார் அட்கின் பிரபு. வழக்குப் பின்னர் சமரசத்தில் முடிந்தது. நத்தை உண்மையில் இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை!

பிரித்தானியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. உற்பத்தியாளரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, அதனாலேயே காயம் வந்தது என்று காட்டினால் போதும். இறக்குமதி செய்தவரும் பொறுப்பு. பொதுவாக மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும்; பொருள் சந்தைக்கு வந்து பத்து வருடம் கடந்தால் உரிமை போய்விடும்.

சட்டத்தரணியிடம் கேத்தலையும் கொண்டுபோகச் சொன்னேன். மருமகன் அன்றைக்கே அதைக் குப்பையில் போட்டுவிட்டாராம்.