எண்ணிக்கைக்கு வராத மரணங்கள்: ஐதராபாத் குளோரோபார்ம் ஆணையமும் அதன் பின்னும்

1848 சனவரி 28 அன்று, நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால்விரல் நகத்தை அகற்றும் சிறு அறுவையின்போது குளோரோபார்ம் மயக்கத்தில் இறந்தாள். சிம்சன் அம்மருந்தை எடின்பரோவில் அறிமுகப்படுத்தி மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. இங்கிலாந்தில் ஐயத்திற்குரிய சாவுகளைப் பொதுவில் விசாரிக்கும் வழக்கம் இருந்ததால் இச்செய்தி வெளிவந்தது. அத்தகைய விசாரணைகளையும் மருத்துவர்கள் தாமாக இதழ்களுக்கு எழுதிய குறிப்புகளையும் கொண்டு ஜான் ஸ்னோ 50 மரணங்களைத் தொகுத்தார். அவர் மறைந்த 1858ஆம் ஆண்டிலேயே அந்நூல் வெளியாயிற்று.

ஸ்காட்லாந்தின் நடைமுறை வேறு. அங்கே அரசு வழக்கறிஞர் தனிமையில் விசாரிப்பார்; விவரம் வெளியே கசிவது அரிது. மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்று எடின்பரோவில் சைம் போதித்த கோட்பாடு அசைக்கப்படாமல் நின்றதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் எனலாம்.

அக்கோட்பாட்டை ஐதராபாத்துக்குக் கொணர்ந்தவர் எட்வர்டு லாரி. பல ஆயிரம் பேருக்குக் குளோரோபார்ம் கொடுத்தும் ஒருவரும் இறக்கவில்லை என்பது அவர் வாதம். நிசாம் மகபூப் அலி கானின் ஆதரவில் 1888இல் முதல் ஆணையம் நாய்களைக் கொண்டு ஆய்ந்தது; முடிவு லாரிக்குச் சாதகமாயிற்று. லான்செட் இதழ் ஐயுற்றது. நிசாம் தாமே 1,000 பவுன் அளிக்க முன்வந்து, அவ்விதழ் தேர்ந்த ஒருவரை வரவழைத்தார். 1889இல் வந்த லாடர் பிரண்டன், இதயமும் முதலில் நிற்கக்கூடும் என்னும் கருத்தினர். நானூறுக்கும் மேற்பட்ட விலங்குச் சோதனைகளுக்குப் பின் அவரும் லாரியின் பக்கம் சாய்ந்தார். சோதனையில் நேர்மைக்குக் குறைவில்லை, கேள்விதான் பிழைபட்டது. மிகை அளவால் மெல்லச் சாகும் நாயின் மூச்சு முதலில் நிற்கும். கிரீனரோ மயக்கம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இறந்தவள். இலேசான குளோரோபார்ம் மயக்கத்தில் இதயக் கீழறைகள் தாறுமாறாகத் துடித்துச் சாவு நேரும் என்பதை 1911இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார். ஸ்னோவின் பட்டியலில் கிடந்த திடீர்ச் சாவுகளுக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

சாவு நேரும்வரை காத்திராமல், நேரவிருந்து தப்பியவற்றையும் கேட்டறியலாம் என்பது பின்னாளைய எண்ணம். விமானிகளிடம் பயன்பட்ட நேர்காணல் முறையை 1978இல் ஜெஃப்ரி கூப்பர் குழுவினர் பாஸ்டனில் மயக்கவியலருக்குப் பொருத்தி, 359 நிகழ்வுகளைத் திரட்டினர். பெரும்பாலானவற்றில் மனிதத் தவறே முதன்மை. அடுத்து ஆஸ்திரேலியாவில் பெயர் குறிப்பிடாது, விருப்பத்தின் பேரில் அனுப்பப்பட்ட முதல் 2,000 அறிக்கைகளின் பகுப்பாய்வு 1993இல் அச்சேறியது. சொல்லும் மாறிற்று: ‘குற்றம்’ என்றால் யாரும் எழுதமாட்டார்கள், ‘நிகழ்வு’ என்றால் எழுதுவார்கள்.

இந்தியாவில் 1995இல் சாந்தா வழக்கின் தீர்ப்பு மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்றவியல் வழக்குக்கு வரம்பிட்டது. மருந்தின் தீய விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010இல் தொடங்கிற்று. அதன் படிவத்திலேயே ஒரு குறிப்பு உண்டு: அறிக்கை அனுப்புவது, அவ்விளைவுக்கு மருத்துவப் பணியாளரோ மருந்தோ காரணம் என்று ஒப்புக்கொள்வதாகாது.