பேங்க்காரர் வேஷமும் ஒரு சத்திரத்து ஆச்சியும்

மார்ச் 31 முடிந்து, கிளோசிங் தலைவலியெல்லாம் ஒரு வழியாக ஓய்ந்து, ரொம்ப நாள் கழித்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். வழக்கமாக நான் எழுதுவது பழைய நாணயம், பழைய பேங்க், பழைய ரயில்பாதை கதைகள். இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் வேற. ஆனால் இதுவும் சரித்திரம்தான், பயப்படாமல் படிக்கலாம் :-)

ஆரம்பித்து வைத்தது என் மகள். பதினொன்றாம் வகுப்பு. பிறந்தது நாக்பூர், எல்.கே.ஜி. சேர்ந்தது போபால், இப்போது அகமதாபாத். (எல்லாம் அப்பாவின் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் புண்ணியம்.) இவளும், இவளை மாதிரியே ஊர் ஊராக வளர்ந்த நாலு தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து ராத்திரியில் நெட்டில் ரோல்பிளே ஆடுகிறார்கள். தெரியாதவர்களுக்காக: ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே டைப் அடித்துப் பேசி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை நகர்த்திக்கொண்டு போவது. கூத்து மாதிரிதான். ஆனால் மேடை கிடையாது, வசனம் யாரும் எழுதித் தருவதும் கிடையாது.

இவர்கள் கதை குற்றாலம் போகிற வழியில் ஒரு சத்திரத்தில் நடக்கிறது. ஐப்பசி அடைமழை. என் மகள்தான் சத்திரத்தை நடத்தும் ஆச்சி. ஒரு நாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆச்சி இப்படிப் பேசிக்கொண்டிருந்தாள்: "பயணியே, வெளியே மழை பொழிகிறது. தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?"

சிரித்துவிட்டேன். "எந்த ஊர் ஆச்சிம்மா இப்படிப் பேசுவா? டப்பிங் சீரியல்ல வர்ற ஆச்சியா?"

அவள் சிரிக்கவில்லை. "ஆச்சி எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? வருஷத்துல பத்து நாள் பாக்கறேன். நீங்க எங்கிட்ட பேசற தமிழே மூணு வரிதான். சாப்டியா, படிச்சியா, தூங்கு."

தங்கமணி சமையலறையிலிருந்து எனக்கு சப்போர்ட்டுக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை.

அன்றைக்குத் தூக்கம் பிடிக்காமல் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. படித்ததை உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

முதலில் இது சண்டை விளையாட்டு. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடம், அதன் மேல் படைகளுக்குப் பதிலாகக் கட்டைகள், நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்தது. கட்டைக்கு முகமும் கிடையாது, பேச்சும் கிடையாது. அங்கே ஒரு பட்டாளம் என்பது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான்.

அடுத்த பெரிய திருப்பம் 1969. நமக்கு 1969 என்றால் 14 பேங்க் தேசியமயமான வருஷம். அதே வருஷம் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நண்பர்களோடு நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்று ஏற்பாடு செய்தார். இரண்டு படைகளுக்கு நடுவே 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஊர். படைத் தலைவர்கள் போக மீதி வந்தவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? ஊரில் இருப்பவர்களின் வேஷத்தைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர், ஒருவர் பேங்க்காரர். ஆமாம் மக்களே, இந்த விளையாட்டின் முதல் கதாபாத்திரங்களில் ஒருவர் நம்ம ஜாதி! (உத்தியோக ஜாதியைச் சொன்னேன்.)

ஆட்டம் ஆரம்பித்ததும் ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேச்சு, பேரம், ரகசியம். இரண்டு பேர் ஒருவரையொருவர் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்துவிட்டார்கள். அதற்கு விதியே கிடையாது, வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாம் கைமீறிப் போய் ஆட்டம் சொதப்பிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள்.

ஏன் பிடித்தது? எனக்குத் தோன்றியது இது. கட்டைக்கு ஆசை கிடையாது. பேங்க்காரருக்கு உண்டு. படை வருகிறது என்றால் அவருக்குக் கஜானா கவலை, மேயருக்கு நாற்காலி கவலை. கவலை வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். ஆள் உயரமா குட்டையா, மீசை உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

அந்த ஆட்டங்களில் ஆடிய டேவ் ஆர்னசன், 'பிளாக்மூர்' என்று ஒரு மாயாஜால நாட்டை வைத்து இதே பாணியில் நடத்தினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தார்கள். முதலில் அச்சடித்தது 1000 பிரதி. ஒரு ஆட்டக்காரர், ஒரு கதாபாத்திரம் என்ற வழக்கம் இதன் மூலம்தான் உலகம் முழுக்கப் பரவியது.

அது கம்ப்யூட்டருக்குள் போன கதைதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. வில் குரோதர் என்று ஒரு புரோகிராமர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் வேலை செய்தவர். குகைகளுக்குள் போய் வரைபடம் எடுப்பது பொழுதுபோக்கு. மேலே சொன்ன டன்ஜன்ஸ் ஆட்டமும் ஆடுவார். 1975 வாக்கில் விவாகரத்து ஆகி, இரண்டு பெண் குழந்தைகளைப் பிரிந்து இருந்தார். குழந்தைகள் தன்னைப் பார்க்க வரும்போது ஆடுவதற்கென்று, கென்டக்கியில் தான் சுற்றிய குகையை வைத்து 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை எழுதினார். படம் கிடையாது, முழுக்க எழுத்து. "வடக்கே போ", "விளக்கை எடு" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை அடித்தால் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் மிரளக் கூடாது என்பதற்காகத்தான் சாதாரணப் பேச்சு மாதிரி வைத்தார். 1977-ல் டான் வுட்ஸ் இதைப் பெரிதாக்கினார்.

எங்கேயோ ஒரு அப்பா, பிள்ளைகளோடு பேசுவதற்கு இரண்டு வார்த்தையில் ஒரு வழி செய்திருக்கிறார். எனக்கு மூணு வரி. ம்ம்.

ஆனால் குகைக்குள் ஆடுபவர் தனிதான், மறுமுனையில் ஆள் கிடையாது. ஆள் வந்தது 1978-ல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில். ராய் டிரப்ஷா என்ற மாணவர் ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் தொடர்ந்து வளர்த்தது 'மட்'. பலர் ஒரே நேரத்தில் ஆடும் டன்ஜன் என்பதன் சுருக்கம். (சேறு இல்லை.) ஒரே அறையில் நாலு பேர் நிற்கலாம். ஒருவர் அடிப்பதை மற்றவர் படிக்கலாம். ஆனாலும் அங்கே புதையல் எடுத்துப் புள்ளி சேர்த்து மந்திரவாதியாக உயர்வதுதான் பெரிய விஷயம்.

1989-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் என்ற மாணவர் எழுதிய 'டைனிமட்' அந்தப் புள்ளி ஏறுகிற ஏணியை எடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அறை கட்டலாம், பொருள் செய்யலாம், பேசலாம். ஜெயிக்க எதுவும் இல்லை என்றதும் மிஞ்சியது பேச்சு மட்டும். அங்கே 'போஸ்' என்று ஒரு கட்டளை. முக்காற்புள்ளி போட்டு "தலையைச் சொறிகிறார்" என்று அடித்தால், உங்கள் பெயரோடு சேர்ந்து "முருகன் தலையைச் சொறிகிறார்" என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன விஷயம்தான். ஆனால் மனுஷன் பேசும்போது வாயால் மட்டும் பேசுவதில்லையே. பதில் சொல்லாமல் தலையைச் சொறிவதும் ஒரு பதில்தான்.

இப்படி ஆடி ஆடி இரண்டு வழக்கங்கள் உருவாயின. யாரும் சட்டம் போடவில்லை. அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

ஒன்று: அடுத்தவர் கதாபாத்திரம் என்ன செய்தது, என்ன சொன்னது என்று நீ எழுதாதே. "நான் முறைத்தேன், அவன் பயந்து ஓடினான்" என்று எழுதினால் ஆட்டம் செத்தது. முறைத்ததோடு நிறுத்து. ஓடுவதா சிரிப்பதா என்பது அவன் பாடு. இதை மீறினால் 'காட்மாடிங்' என்பார்கள், கடவுள் வேலை பார்ப்பது. உரையாடல் இயல்பாக வருவதும் இந்த இடத்தில்தான். பதிலுக்கு இடம் விட்டால்தான் அது உரையாடல்.

என் டிரெய்னிங் நாட்கள் ஞாபகம் வந்தது. நான் கோபக்கார கஸ்டமர், சக அதிகாரி கவுன்டரில். நான் கத்த வாய் திறப்பதற்குள்ளேயே அவர் சர்க்குலரில் உள்ள பதில் முழுவதையும் ஒப்பித்து முடித்துவிட்டார். கடவுள் வேலை!

இரண்டாவது வழக்கம்: கதாபாத்திரத்துக்கு உள்ளே, வெளியே என்று ஒரு கோடு. ஆச்சியாகப் பேசும்போது ஆச்சி. அம்மா கூப்பிட்டால் அடைப்புக்குறி போட்டு "இருங்க, தோசை சாப்பிட்டு வரேன்" என்று நானாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு. 1980-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற சேவையில் எழுத்து அரட்டை பிரபலம். அங்கே 'ஜோன்' என்று ஒரு பெண். நியூயார்க்கில் நரம்பியல் உளவியலாளர், விபத்தில் பேச்சை இழந்தவர் என்று சொல்லிக்கொண்டார். நகைச்சுவை, அக்கறை, அருமையான பேச்சு. பல பெண்கள் மனதில் இருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினார்கள். கடைசியில் ஜோன் என்று யாருமே இல்லை, நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஆண் மனநல மருத்துவர் என்று தெரிந்தது. 1985 அக்டோபரில் 'மிஸ்' பத்திரிகையில் லின்ட்சி வான் கெல்டர் இதை எழுதினார். இறந்துபோன தோழிக்குத் துக்கப்படுகிற மாதிரி துக்கப்பட்டவர்களும் உண்டு.

ஜோன் மிக நம்பகமான கதாபாத்திரம், வசனமும் இயல்பு. ஆனால் எதிரே இருப்பவர்களுக்கு அது ஆட்டம் என்று தெரியாது. "சார், உங்க பேங்க்ல இருந்து பேசறோம், கே.ஒய்.சி. இன்னைக்கோட முடியுது" என்று வருகிற போனும் அதே வகை. பென்ஷன் பணத்தைத் தொலைத்துவிட்டு என் மேஜை முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வரி: "அவ்வளவு மரியாதையாப் பேசினான் சார்." மகளிடம் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருப்பது இந்தக் கோட்டைப் பற்றித்தான். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

சத்திரத்து ஆச்சிக்கு வருவோம். இதையெல்லாம் மகளிடம் சொல்லிவிட்டு, "அந்தக் கிழவிக்கு என்ன கவலை?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தெரியலை, ஆச்சிகிட்டயே கேக்கறேன்" என்று தென்காசிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் என் அம்மா குரல்.

"ஏட்டி, நனைஞ்சுட்டு வந்து நிக்கவன்கிட்ட சாப்பிட்டியான்னா கேப்பாவ? மொதல்ல தலயத் தொவட்டுங்கம்பாவ. பொறவு எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளன்னு விசாரிப்பாவ. கூரை ஒழுகுதுன்னு ஒரு பக்கம் சட்டி வச்சிருப்பா, அது நெறஞ்சா மாத்தணும்லா, அந்தக் கவலை அவளுக்கு."

வழக்கமாக எங்கள் வீட்டுப் போன் இரண்டு நிமிஷம். அன்றைக்கு நாற்பது நிமிஷம். நடுவில் எந்த வருஷத்திலோ எங்கள் பழைய வீட்டில் ஒழுகிய மழை, நான் சட்டியைத் தட்டிவிட்டு அடி வாங்கியது எல்லாம் வந்தது. எனக்கே மறந்துபோனது.

அன்று ராத்திரி சத்திரத்து ஆச்சி, "மொதல்ல தலயத் தொவட்டுங்க" என்றாள். சட்டியை மாற்றினாள். புனேயிலிருந்து ஆடுகிற பையன், பயணி வேஷத்தில், துண்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றானாம்.

மறுநாள் சாப்பிடும்போது வழக்கமான முதல் வரி வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டு, "அந்தப் பயணி என்ன ஆனான்?" என்று கேட்டேன். ஆரம்பித்தாள். ஹிந்தி, இங்கிலீஷ், நடுநடுவே தென்காசி. திருத்தாமல் கேட்டேன். குழம்பு ஆறிவிட்டது, தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை வரி மக்களே? எண்ணிப் பாருங்கள்.

பி.கு.: சத்திரத்தில் கடன் கொடுக்கிற செட்டியார் வேஷம் ஒன்று காலியாக இருக்கிறதாம், எனக்குத் தருகிறார்களாம். வட்டி விகிதம் பற்றிப் பேசக் கூடாது என்பது மட்டும் கண்டிஷன் :-)