செவி முதல், கருவி பின்

பிள்ளைகளுக்கு எந்த வயதில் இசை கற்பிக்கத் தொடங்கலாம் என்னும் வினா பெற்றோரிடையே அடிக்கடி எழுவது. இதற்கு யாழ்ப்பாணத்து இசை வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகின்றது. கருவியைக் கையிற் கொடுக்குமுன் செவியைப் பழக்குதல் வேண்டும் என்பதே அவ்விடை.

செவிப் பழக்கத்திற்கு நல்லூர் சிறந்த சான்று. இன்றுள்ள கந்தசுவாமி கோயிலின் வரலாறு 1734ஆம் ஆண்டிலிருந்து தொடர்கின்றது. ஆண்டுதோறும் அங்கு நிகழும் மகோற்சவம் 25 நாட்கள் நீடிப்பது. அந்நாட்களில் நாகசுரமும் தவிலும் வீதியெங்கும் முழங்கும். தந்தையின் தோளிலிருந்து சுவாமி பார்க்கும் குழந்தை, இராகத்தின் பெயரை அறியாமலே அதன் சாயலை அறிந்துகொள்கின்றது. பூசையில் ஓதப்படும் பஞ்சபுராணமோ, பண்ணோடு கூடிய தமிழை அதன் உள்ளத்திற் பதிக்கின்றது.

கோயிலிசையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களில் இப்பழக்கமே கல்வியாயிற்று. நாகசுரம் நீண்ட கருவி. அதன் துளைகளுக்குச் சிறுவிரல்கள் எட்டா, மூச்சும் போதாது. ஆதலின் சிறுவர் முதலில் தாளம் போட்டனர், ஒத்து ஊதினர். தவில் பயில்வோர் சொற்கட்டுகளை வாயாற் சொல்லிக் கையால் தாளமிட்டுப் பழகினர். நல்லூருக்கு வடக்கேயுள்ள இணுவிலில் 1933இல் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி இவ்வழி வந்தவர். தந்தை விசுவலிங்கமும் தவில் வித்துவானே. இளமையிலேயே கச்சேரி செய்யத் தொடங்கிய அவர், 1975இல் மறையுமுன் ஈழத்திலும் தமிழகத்திலும் பெரும்புகழ் ஈட்டினார்.

ஆயினும் இம்மரபில் ஒரு குறை இருந்தது. அக்குடும்பங்களிற் பிறவாத பிள்ளைக்கு அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. இக்குறையைக் களையும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டில் தோன்றின. 1931இல் அமைந்த வட இலங்கைச் சங்கீத சபை படிப்படியான தேர்வுகளை வகுத்தது. 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரி, பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆசிரியர் பெருகினர், எவ்வீட்டுப் பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், இசை கற்கலாம் என்ற நிலை வந்தது. இது பெரும்பேறு.

பேற்றோடு ஓர் இடரும் வந்தது. தேர்வை முன்னிட்டு விரைவாகப் பாடம் ஏற்றும்போது, செவி பழகுமுன் சுவரம் மனப்பாடமாகிவிடுகின்றது. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசையின் நோக்கம் இதுவன்று. மாயாமாளவகௌளையில் ஒரே வரிசையை மூன்று காலங்களிற் பாடச் செய்வது, சுருதியும் இலயமும் உடம்பில் ஊறுதற்பொருட்டே. வரிசைகளை எண்ணி முடித்தல் கல்வியாகாது.

உலகின் பிற பகுதிகளிலும் அறிஞர் இதனையே கண்டனர். தாய்மொழியைக் குழந்தை கேட்டுக் கற்பதுபோல இசையையும் கேட்டுக் கற்கவேண்டும் என்றார் சப்பானியராகிய சுசூகி. கருவிக்கு முன் வாய்ப்பாட்டு என்றார் அங்கேரி நாட்டுக் கோடாய். நல்லூரின் வீதிகளில் வளர்ந்தோர்க்கு இவை புதியன அல்ல.

ஆகவே வயதைப் பற்றிய கவலை வேண்டா. தொட்டிலில் தாலாட்டும், மடியில் தேவாரமும், திருவிழாவில் நாகசுரமும் கேட்கும் பிள்ளைக்குப் பாடம் முன்னரே தொடங்கிவிட்டது. ஐந்து வயதில் அது தாளம் போடட்டும், கூடப் பாடட்டும். விரலுக்கும் மூச்சுக்கும் வலிமை வந்தபின் கருவியைக் கொடுக்கலாம். தேர்வு அதற்குப் பின் வரட்டும். குலத்தவர் காத்த பொறுமையும் சபைகள் திறந்த வாயிலும் ஒன்றுசேருமிடத்தே இசை தழைக்கும்.